பங்குனியில் ஊர்ப்பக்கம்

புனேயிலிருந்து நாலு நாள் லீவில் காங்கயம் பக்கம் எங்கள் ஊருக்குப் போய் வந்தேன். பங்குனி வெயில். மாடு மேய்க்கும் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. கிளுவை வேலியில் ஒரு இலை இல்லை. வெள்வேல மரத்தடியில் இரண்டே மாடுகள். நான் படிக்கும்போது பன்னிரண்டு இருந்தன.

அப்பாவுக்கு 79 வயது. காலையில் படலைத் தூக்க முடியாமல் நின்றார். ஓடிப்போய்த் தூக்கினேன். அம்மா பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

கிளம்பும்போது கேட்டார். "கண்ணு, சித்திரையில கண்ணபுரம் சந்தைல இந்த ரண்டையும் குடுத்துரலாமா?"

2001-இல் என் காலேஜ் ஃபீஸுக்கு ஒரு ஜோடியை விற்றபோதுகூட யாரையும் கேட்காதவர்.

"உங்க இஷ்டமுங்கப்பா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம்தான். நாளைக்குப் படலைத் தூக்க யார் இருக்கிறார்கள்?