குளிருக்கு ஒரு சுருட்டு

ஆல்பர்ட்டாவில் இருக்கும் அக்காள் மகன், காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர் வீடு ஒன்று வாங்கியிருக்கிறான். அதன் கூரையில் இருக்கும் ஏசி குளிர்காலத்தில் சூடும் தருமாம். பெயர் ஹீட் பம்ப். "எதையும் எரிக்கிறதில்ல மாமா. வெளிக்காத்துல இருக்கிற சூட்டை எடுத்து உள்ள விடுது" என்கிறான். கையுறை போடாமல் கதவைத் திறக்க முடியாத ஊர். அந்தக் காற்றில் ஏது சூடு?

இருக்கிறது. மைனஸ் 273 டிகிரிக்குப் போனால்தான் சூடு முழுக்கத் தீரும். வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த வாயுவைக் குழாய்ச்சுருளில் ஓடவிட்டால், காற்றின் சூடு தானாக அதில் இறங்கிவிடும். பிறகு கம்ப்ரசர் அந்த வாயுவை அழுத்திச் சூடேற்றுகிறது. நம் வீட்டு ஏசி தெருவில் துப்புகிற அனலை உள்பக்கம் திருப்பிவிட ஒரு வால்வு, அவ்வளவுதான். ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டு மூன்று பங்கு சூடு கிடைக்கும். ஆனால் வெளியே நாலைந்து டிகிரிக்குக் கீழே போனால் சுருளில் பனி படிந்து, இந்தக் கூரை இயந்திரங்களில் பலவும் ஓய்ந்துவிடும். அப்புறம் கேஸ் ஹீட்டர்தான் கதி. மழை வந்தால் விரியாத குடை!

இந்த ஹீட் பம்ப்புக்கு வழி சொன்னவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. ஆண்டு 1852. அதற்குச் சற்று முன்புதான், ஸ்காட்லாந்தின் அரச வானியலாளர் பியாஸி ஸ்மித், வெப்பநாட்டு வீடுகளின் அறைகளைக் குளிரவைக்கக் காற்றை அழுத்தி விரியவிடும் உபாயம் ஒன்றை எழுதியிருந்தார். நம்மைப் போல வேர்த்து வடிகிறவர்களுக்காக யோசித்த சங்கதி, திசை மாறிக் குளிர்நாட்டுக்குப் போயிருக்கிறது. (இந்த ஸ்மித் பிற்பாடு எகிப்தின் பெரிய பிரமிடை அளக்கப்போய் அதிலேயே பித்தாகிவிட்டார். அவர் கல்லறையும் பிரமிடு வடிவம்தான்.)

புதுக்கோட்டைக்காரனுக்கு அந்த வால்வால் பிரயோசனமில்லை. மார்கழி விடியலில் இருபது டிகிரிக்கே காதில் மப்ளர் சுற்றுகிற கூட்டம் நாங்கள். ஆனாலும் வழியில் குளிரில் மாட்டிக்கொண்டவனுக்கு என்ன செய்வது என்று எங்கள் ஜில்லாவுக்குத் தெரியும். விராலிமலை முருகனைக் கேளுங்கள்.

கருப்பமுத்துப் பிள்ளை என்றொரு பக்தர். முருகனைப் பார்க்காமல் இருக்க மாட்டார். ஒருநாள் வழியில் பெருமழை. ஆற்றில் வெள்ளம், அக்கரை போக முடியவில்லை. நனைந்து நடுங்குகிறவருக்கு அந்த நேரத்தில் மோட்சம் வேண்டியிருக்கவில்லை, ஒரு சுருட்டு வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் வந்து சுருட்டும் நெருப்பும் கொடுத்து, ஆற்றையும் கடத்திவிட்டார். மலைக்குப் போன பிறகுதான் வந்தது யாரென்று பிள்ளைக்குப் புரிந்ததாம். அன்று தொடங்கி அங்கே முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியம். புகைபிடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை உபதேசம் பண்ணாமல், குளிருகிறதா, இந்தா என்று நீட்டிய அந்தத் தெய்வத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

எங்கள் தாத்தாவுக்கு அதைவிட அதிக மரியாதை. விராலிமலை போய்வரும்போதெல்லாம் மடியில் பிரசாதச் சுருட்டு இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடி, பயபக்தியோடு பற்றவைப்பார். எல்லாரும் பேசாமல் இருப்பார்கள், அப்பத்தாவைத் தவிர.

"சித்திரை மாசத்துல எந்த ஆத்துல வெள்ளம் வந்துச்சாம், இவருக்கு நடுங்குறதுக்கு?"