பஞ்சாரத்தின் மேல் இருந்த நம்பர்

ஆடி மாசம் எங்க ஊருக்கு சூரியகாந்தி பார்க்க வருகிறவர்கள் பூவைத்தான் பார்ப்பார்கள். 1992-ல் 'ரோஜா' படம் வந்ததிலிருந்து சுந்தரபாண்டியபுரம் என்றாலே ஒரு படம் பிடிக்கிற ஊர் என்று ஆகிப்போச்சு. பூவுக்கு முன்னால் களை இருக்கிறது. விதைத்து 20, 25 நாளில் ஒரு களை எடுத்தே ஆகணும். அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

எங்க சித்தப்பா மகன் ஐ.டி.ஐ. படித்தவன். "அண்ணே, பழைய பைக் எஞ்சின் ஒண்ணு கிடைச்சா நானே களை மிஷின் செஞ்சிருவேன்" என்றான். நடக்காத காரியம் இல்லை. குஜராத்தில் அம்ரேலி பக்கம் மன்சுக்பாய் ஜகானி என்கிற விவசாயி 1990-களிலேயே புல்லட்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கலப்பை பூட்டி உழுதார். 'புல்லட் சாந்தி' என்று அதற்குப் பேர். நம்ம சென்னை திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய கம்பெனியின் வண்டி அங்கே மாடாக மாறியிருக்கிறது!

ரெண்டு பேரும் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எண்ணெய் அப்பிய எஞ்சின் ஒன்றை உருட்டிக் காட்டி, "2012 வண்டி அண்ணாச்சி, கைபடாத எஞ்சின்" என்றார். பக்க மூடியில் ஹீரோ ஹோண்டா என்று இருந்தது. அந்த ரெண்டு கம்பெனியும் பிரிவதாக அறிவித்தது 2010 டிசம்பரில். மறு வருஷமே பேரும் மாறிவிட்டது. அப்புறம் 2012 எப்படி? ஆனால் மூடியை வைத்தும் முடிவு சொல்ல முடியாது. நாலு போல்ட்டைக் கழற்றினால் எந்த மூடியும் எதற்கும் போகும். டேங்கு, ஸ்டிக்கர், கார்புரேட்டர் எல்லாமே அப்படித்தான். நம்ப வேண்டியது எஞ்சின் கூட்டில் குத்தியிருக்கிற நம்பரை மட்டும்தான்.

அதைப் பார்ப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு. உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ போடக்கூடாது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் சாக்பீஸைத் தேய்த்து, மேலாக்கத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு சேசிஸ் பிரிண்ட் எடுப்பது போல, தாளை வைத்து பென்சிலால் உரசியும் எடுக்கலாம்.

சாக்பீஸ் போட்டோம். முதல் சில எழுத்து பளிச்சென்று வந்தது. கடைசியில் மூன்று இலக்கம் வரவேண்டிய இடம் வழவழவென்று இருந்தது. ராவியிருக்கிறது. தம்பி நிமிர்ந்து பார்த்தான். அவன் ஒரு வார்த்தை பேசுமுன்னே கடைக்காரர், "ஆயிரம் ரூபா குறைச்சுக்கிடுங்க" என்றார். கேட்காமலே விலை குறைகிற சாமானைத் தொடக்கூடாது. குற்றால சீசனில் எத்தனை வண்டி காணாமல் போகிறது! தெரிந்தே திருட்டுப் பொருளை வாங்கினால் புதுச் சட்டத்தில் 317-வது பிரிவு, 3 வருஷம் வரை. களை எடுக்கப் போய் கம்பி எண்ண முடியுமா? எழுந்து வந்துவிட்டோம்.

ராவிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். நம்பரைக் குத்துகிற அடி கண்ணுக்குத் தெரிகிற பள்ளத்தோடு நிற்காது. அதுக்கு அடியில் உள்ள உலோகமும் நசுங்கிப்போகும். தடய அறிவியல் லேபில் அந்த இடத்தை மெருகேற்றி அமிலம் தடவினால், நசுங்கிய இடத்தை அது வேறு மாதிரி அரிக்கும். பெரும்பாலும் பழைய நம்பர் நிழல் மாதிரி எழும்பி வந்துவிடும்.

விஷயம் கேள்விப்பட்டு பக்கத்துத் தெரு மதினி சொல்லிவிட்டாள். "உங்க அண்ணன் வண்டி தொழுவத்துல சும்மாதான கிடக்கு. எடுத்துக்கிடுங்க." அண்ணன் தவறி ரெண்டு வருஷமாச்சு. 2004-ல் புதுசாக எடுத்த ஸ்ப்ளெண்டர். 2019-ல் 15 வருஷம் முடிந்து ஒருதடவை புதுப்பித்த ஆர்.சி. புத்தகத்தையும் பத்திரமாக வைத்திருந்தாள்.

அந்தக் காலத்து ஹீரோ ஹோண்டாவில் நம்பரைப் படிப்பது சுலபம். முதல் ரெண்டு இலக்கம் வருஷம். ஆர்.சி.யிலும் 04 என்றுதான் ஆரம்பித்தது. (பின்னால் வந்த வண்டிகளில் 17 எழுத்து சேசிஸ் நம்பர். எம்.பி.எல். என்றால் ஹீரோ, எம்.டி.2 பஜாஜ், எம்.டி.6 டி.வி.எஸ்., எம்.இ.3 என்ஃபீல்டு. ஐ, ஓ, கியூ மூன்று ஆங்கில எழுத்தும் அதில் வராது. 1, 0 என்று குழம்பிவிடக் கூடாதே என்று விட்டுவிட்டார்கள். அந்த எழுத்து குத்தியிருந்தால் யாரோ வீட்டில் குத்தியது.)

தொழுவத்தில் வைத்தே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். சாக்பீஸ் தேய்த்தோம். ஒண்ணுமே வரவில்லை. நம்பர் இருக்கவேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

மதினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன தம்பி, இல்லையா?" தெருவில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். "திருட்டு எஞ்சினா இருக்குமோ" என்று ஒருத்தர் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் மதினி காதில் விழுந்துவிட்டது. ஒத்தக் காசு அடுத்தவனுடையதை எடுக்காத மனுஷன் அவர். செத்த பிறகு வந்து பதில் சொல்லவா முடியும்? மதினி முகத்தை அன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

தம்பி டார்ச்சைப் பிடித்துக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "அண்ணே, இது ராவினது இல்ல. ராவியிருந்தா ஒருபக்கமா கோடு ஓடும், ஓரம் சரிஞ்சிருக்கும். இது கம்பெனி முகம் அப்படியே இருக்கு. நம்பரே குத்தாத பாதி" என்றான். இடதுபாதிக் கூடு புதுசாகவும் வலதுபாதி கறுத்தும் இருந்தது. அதற்கப்புறம்தான் எனக்கும் விளங்கியது. எஞ்சின் கூடு ரெண்டு பாதி. நம்பர் இடதுபாதியில். செயினும் அந்தப் பக்கம்தான். ஓட்டத்தில் செயின் அறுந்தால் சுருண்டு மடங்கி அந்தப் பாதியைத்தான் உடைக்கும். மாற்றுக்கு வாங்குகிற பாதி நம்பர் இல்லாமல்தான் வரும்.

பாவூர்சத்திரத்தில் அண்ணன் வழக்கமாக வண்டி விடுகிற மெக்கானிக்கைத் தேடிப் போனோம். "ஆமா, செயின் அறுந்து உடைஞ்சிது, நான்தான் மாத்துனேன். பழசைத் தூரப் போட்டுராதீங்க, நம்பர் அதுலதான் இருக்குன்னு சொல்லிக் கையில குடுத்தேனே" என்றார்.

வந்து மதினியிடம் சொன்னோம். அவள் யோசிக்கவே இல்லை. விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள். கோழியை மூடுகிற பஞ்சாரத்தின் மேல், கீரி தள்ளிவிடாமல் இருக்கப் பாரத்துக்கு ஒரு அலுமினியத் துண்டு வைத்திருந்தாள். கோழிப்பீயைக் கழுவி, சாக்பீஸ் தேய்த்தோம். 04. தம்பி ஆர்.சி.யைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, மதினி துண்டைப் பார்த்து "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி இலக்கம் வரைக்கும். அப்புறம் அந்தத் துண்டைச் சேலை முந்தானையால் துடைத்து, தெருவில் எல்லோரும் பார்க்கத் திண்ணையில் கொண்டுவந்து வைத்தாள்.

தென்காசி ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவை ரத்து செய்ய எழுதிக் கொடுத்திருக்கிறோம். உடைந்த பாதியையும் மெக்கானிக்கிடம் வாங்கிய எழுத்தையும் கையோடு கொண்டுபோனோம். ரத்து ஆகிற வரை எஞ்சினைத் தொடக்கூடாது என்று தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் இப்போது வேறு யோசனையில் இருக்கிறான். ஓடுகிற வண்டிக்குக் காற்று தானாகக் கிடைக்கும், நடக்கிற வேகத்தில் போகிற களை மிஷினுக்குக் கிடைக்காது, எஞ்சின் சூடேறிவிடும். அதனால் பழைய ஸ்கூட்டர் காத்தாடி ஒன்று தேடிக்கொண்டு திரிகிறான். இந்த வருஷக் களையைக் கையால்தான் எடுத்தோம். பஞ்சாரத்துக்கு இப்போது ஒரு செங்கல்.