கியாசோவில் ஒரு வணக்கம்

எக்ஸ்சேஞ்ச் செமஸ்டருக்காக சூரிச் போனப்போ, நான் தங்கின வீட்டுக்காரர் ஒரு இத்தாலிக்காரத் தாத்தா. நான் ட்ரிபிள்-ஈன்னு சொன்னதும் ஒரு பழைய ரயில் படத்தை எடுத்துக் காட்டினார். சிவப்பும் கிரீமும் கலந்த வண்டி. பேரு 'கொட்டார்டோ'.

1961ல் சூரிச்–மிலான் ஓடத் தொடங்கிய டிரான்ஸ் யூரோப் எக்ஸ்பிரஸ் அது. முதல் வகுப்பு மட்டும்தான். சுவிஸ் பாதையில் 15 கிலோவோல்ட் ஏசி. எல்லை ஊரான கியாசோவைத் தாண்டினால் 3 கிலோவோல்ட் டிசி. சாதாரண ரயில்களுக்கு அப்போ அங்கே என்ஜினையே மாற்ற வேண்டியிருந்தது. இதுவோ நான்கு வகை மின்சாரத்திலும் ஓடும். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன்.

தாத்தா சிரித்தார். பேத்திதான் மொழிபெயர்த்தாள்: "கரண்ட் மாறினது யாருக்குப்பா தெரியும்?"

இருபது வயதில் கட்டட வேலைக்கு வந்தது சாதாரண ரயிலில், கையில் ஓர் அட்டைப்பெட்டி. கியாசோவில் தொழிலாளிகளை எல்லாம் இறக்கி, சட்டையைக் கழற்றச் சொல்லி, மருத்துவப் பரிசோதனைக்கு வரிசையில் நிறுத்தினார்களாம்.

பல வருஷம் கழித்து, பணம் சேர்த்து, ஊருக்குப் போய்த் திரும்பும்போது மனைவியோடு ஒரே ஒரு தடவை கொட்டார்டோவில் வந்தார். வெள்ளை மேசைவிரிப்பில் சாப்பாடு. அதே கியாசோ. அதிகாரி இருக்கைக்கே வந்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன சாப்பிட்டேன்னு மறந்துபோச்சு. அந்த வணக்கம் மறக்கல."

நான்கு மின்சாரத்துக்கும் ஒரே வண்டி செய்த பொறியாளர்களை இன்னமும் வியக்கிறேன். ஆனா அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், கியாசோவில் சட்டையில்லாமல் நின்ற அந்த வரிசையும் கூடவே ஞாபகம் வருது.