நம் வாசல் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகிறது?

திண்டிவனத்துக்காரர்களுக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். விடியற்காலையில் நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும். வெயில் ஏறினால் அந்தப் பனி இருந்த இடம் தெரியாது. அதை அள்ள ஆளும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம்.

அதனால்தான் டொரன்டோவில் இருக்கும் மகள் வாசலில் பனி அள்ளுவதை வீடியோ காலில் பார்த்தபோது அந்த அம்மாவுக்கு வேடிக்கையாக இருந்தது.

"நீ ஏண்டி அள்ளுற? அங்க முனிசிபாலிட்டிக்காரங்க வரமாட்டாங்களா?"

"வருவாங்கம்மா. முதல்ல பெரிய ரோடு, அப்புறம்தான் எங்க தெரு. நடைபாதையையும் பெரும்பாலும் அவங்களே சுத்தம் பண்ணிடுவாங்க. கார் எடுக்கிற வழி மட்டும் எங்க வேலை."

"அதுக்கென்ன, அள்ளி ரோட்டுல தள்ளிவிட வேண்டியதுதானே?"

"ஐயோ, தள்ளக் கூடாதும்மா! அபராதம் போட்டுடுவாங்க. நம்ம வாசல் பனியை நம்ம இடத்துலயேதான் குவிச்சு வைக்கணும்."

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. ஆனால், மகள் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் அம்மாவின் மனதில் தங்கிவிட்டது. அதற்குக் காரணம் 2024-ல் பெய்த மழை.

அந்த ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று கொட்டியது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் புதிய பேருந்து நிலையம் குளமானது. அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே ஆற்று வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் எட்டியதால் ரயில்கள் நின்றன.

அவ்வளவு மழைக்கு எந்த வாய்க்காலும் தாங்காது என்பது உண்மைதான். ஆனால், மழை விட்ட பிறகு அந்த அம்மாவின் தெருவில் நடந்தது வேறு கதை. மேட்டுப் பக்கத்து வீடுகளில் மறுநாளே கோலம் போட்டாயிற்று. பள்ளத்தில் இருந்த கடைசி வீட்டில் மட்டும் மேலும் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர். அந்த வீட்டுப் பெரியவர் அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் வடியாததற்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. வண்டி ஏற்றுவதற்காக வீட்டுக்கு வீடு கட்டிய சிமென்ட் சாய்தளம், மழைநீர் வாய்க்காலை அங்கங்கே குறுக்கியிருந்தது. உள்ளே கை விட்டுத் தூர் எடுக்க வழியில்லை. வீடு கட்டியவர்கள் தெருவில் விட்டுப் போன மணலும் ஜல்லியும் அடியில் படிந்திருந்தன. பால் கவரும் தேங்காய் மட்டையும் மீதியை அடைத்துக்கொண்டன.

தூர் வாருவது நகராட்சியின் வேலைதான். அதைக் கேட்டு வாங்க வேண்டியதும் நியாயம்தான். ஆனால், தூர் வார வருகிறவர் வாய்க்காலைத் திறக்க முடிந்தால்தானே வார முடியும்?

அடுத்த ஆவணி மாதத்தில் அந்த அம்மா வீடு வீடாகப் போய்ப் பேசினார். "அப்போ எங்க வண்டி எப்படி ஏறும்?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சண்டையாகக் கேட்டவர்களும் உண்டு. அவர் வெல்டிங் பட்டறையில் சொல்லி, தன் வாசலில் சிமென்டை உடைத்துவிட்டு இரும்புக் கம்பிச் சட்டம் ஒன்றைப் போட்டார். வண்டி ஏறுகிறது, தண்ணீர் உள்ளே இறங்குகிறது, வேண்டும்போது தூக்கித் தூர் எடுக்கலாம். அதைப் பார்த்து மூன்று வீட்டுக்காரர்கள் மாற்றினார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் மாற்றவில்லை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் எந்தத் தெருவிலும் செய்யக்கூடியவை சிலதான். வாசல் வாய்க்காலைத் திறந்து பார்ப்பது. மணலைத் தெருவில் குவிக்காமல் இருப்பது. தண்ணீர் இறங்கும் வாயில் சருகு சேர்ந்தால் எடுத்துப் போடுவது. அடைப்பு பெரிதென்றால் மழைக்கு முன்பே நகராட்சியில் எழுதிக் கொடுப்பது. ஒன்று மட்டும் கூடவே கூடாது. தண்ணீர் வடியட்டும் என்று சாலை நடுவில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுவது. வெள்ளத்தில் நடந்து வருகிறவருக்கு அந்தக் குழி தெரியாது.

பனியானாலும் மழையானாலும் பெரிய வேலை அரசாங்கத்துடையது. ஆனால், நம் வாசலில் தடைபடும் தண்ணீர் அங்கேயே நின்றுவிடுவதில்லை. பள்ளம் பார்த்துப் போகிறது. அந்தப் பள்ளத்தில் யாரோ ஒருவர் அரிசி மூட்டையைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டிருப்பார்.