பனியின் கீழே நெருப்பாறு

மார்கழியில் ஐஸ்லாந்துத் தீவின் தென்கரை வீதியிலே நமது மோட்டார் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. நான்கைந்து மணி நேரமே நீளும் பகல். இருமருங்கும் பஞ்சுப் பொதி அவிழ்த்தாற்போல வெண்பனி. என்னே அழகென்று வியந்தோம்!

இறங்கிப் பனியைச் சிறிது விலக்கினால், அடியிலே கருங்கல்லாய் இறுகிய எரிமலைக் குழம்பு! 1783இல் லாக்கிப் பிளவு கக்கத் தொடங்கி, எட்டு மாதம் ஓயாத நெருப்பாறு இது. நச்சுப் புகையால் புல் கெட்டது, ஆடுமாடுகள் மடிந்தன, தொடர்ந்த பஞ்சத்தில் மக்களுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். நமது வியப்பு ஊமையாயிற்று.

இருள் கவிந்தது. பனிக்காற்று வீதியை மறைத்தது. ஓர மஞ்சள் முளைகளும் தெரியவில்லை. அஞ்சி நின்ற வேளையில், தொலைவிலே ஒரு பண்ணைவீட்டு விளக்குத் தோன்றிற்று. அந்நிலத்தைக் கைவிடாத மக்கள் ஏற்றிய விளக்கு அது. அதனை நோக்கியே வண்டியைச் செலுத்தினோம்.