வழித்துணை

இத்தகைய மலர்களிற் பழைய மாணவர் பலரும் தம் இளமைக்கால நினைவுகளை வரைதல் மரபு. யான் எழுதப் புகுவதோ இன்று நம்மிடையே வாழும் சில இளைஞரைப் பற்றியும், அவர்பொருட்டு நம்மவர் சிலர் கூடித் தொடங்கிய சிறு முயற்சியைப் பற்றியுமாம்.

1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்தின் பின்னர்க் கடல் கடந்து தமிழகம் புகுந்த நம்மவர் ஆயிரமாயிரவர். மண்டபம் முதலாய முகாம்களில் அவர்தம் பிள்ளைகள் பிறந்தனர். அந்நாட்டுப் பள்ளிகளிலே கற்றனர். 2009இற் போர் ஓய்ந்தபின் அக்குடும்பங்களுட் சில தாயகம் மீண்டன. பெற்றோருக்கு இது மீட்சி, பிள்ளைகளுக்கோ புதுநாடு. முன்பு கண்டிராத ஊருக்குத் 'திரும்பி வந்தவர்' எனப் பெயர் பெற்றமையே அவர்தம் நிலை.

தமிழ் வழங்கும் நாட்டிலிருந்து தமிழ் வழங்கும் ஊருக்கு வந்தோர்க்கு இடர் யாது என வினவுவாருமுளர். தமிழாசிரியனாகிய யான் கண்டதைக் கூறுவேன். அங்கு 'ஆக்சிஜன்' எனக் கற்றவனுக்கு இங்கு அது 'ஒட்சிசன்'. அங்கு 'ஒளிச்சேர்க்கை', இங்கு 'ஒளித்தொகுப்பு'. தேர்வு பரீட்சையாயிற்று, தலைமையாசிரியர் அதிபரானார். வரலாற்றுப் பாடத்திலோ அநுராதபுரத்து அரசரும் பொலனறுவைக் குளங்களும் முற்றிலும் புதியன. விடையறிந்த மாணவன் ஒருவன் தானறிந்த சொல்லால் அதனைக் கூற, வகுப்பு நகைத்தது. பின்னர் அவன் வாய் திறந்திலன். நாளடைவில் வரவு குறைந்தது. மேசன் வேலைக்குச் செல்லத் தலைப்பட்டான்.

இடம்பெயர் வாழ்வு எனக்கும் புதிதன்று. 1995 ஐப்பசியில் வலிகாமம் பெயர்ந்தபோது யானும் பெற்றோருடன் தென்மராட்சி அடைந்தேன். அங்கு முதிய ஆசிரியர் ஒருவர் மாலைதோறும் தம் வீட்டுத் திண்ணையில் எம்மை இருத்திக் கற்பித்தார். அவர் கற்பித்த இலக்கணத்தினும், "நேற்று ஏன் வரவில்லை?" என அவர் கேட்ட கேள்வியே என்னைக் கல்வியில் நிறுத்தியது. இளைஞனுக்குப் புத்தகமும் வேண்டும், உடையும் வேண்டும். ஆயின் அவன் வராத நாளை அறிந்து கேட்பவர் ஒருவர் அவற்றினும் முன்னர் வேண்டும்.

இக்கருத்தைச் சொன்னபோது பழைய மாணவர் மூவர் இசைந்தனர்: இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர், வங்கி அலுவலர் ஒருவர், கமக்காரர் ஒருவர். என்னுடன் நால்வராயினோம்; மாணவரும் நால்வர். பெற்றோரின் இசைவு பெற்றே தொடங்கினோம். ஒருவருக்கு ஒரு மாணவன். கிழமைக்கு ஒரு மாலை. இடம் ஊர் வாசிகசாலை. ஓராண்டு முடியுமுன் கைவிடலாகாது. பணம் கொடுத்தலும் படம் எடுத்தலும் விலக்கு. படம் எடுத்த அக்கணமே அவன் மீண்டும் அகதியாகிவிடுவான் அல்லவா?

வாய் திறவா மாணவன் என் பங்கினன். இருவரும் ஒரு குறிப்பேட்டை இரு பத்தியாக வகுத்து, அவனறிந்த சொல்லை ஒருபுறமும் நம் பாடநூற் சொல்லை மறுபுறமும் எழுதினோம். அவன் அறியாமையுடையவன் அல்லன் என்பதற்கு அவ்வேடே சான்றாயிற்று. கமக்காரர் பாடம் எதுவும் சொல்லவில்லை; பரீட்சை நேரசூசியைத் தம் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்து, படித்தானா என்று மட்டும் கேட்பார். தபாலதிபரின் பணி வேறு. இந்தியாவிற் பிறந்த பிள்ளை இந்நாட்டுப் பிரசையாதற்குப் பதிவு வேண்டும். அஃதின்றித் தேசிய அடையாள அட்டை பெறல் அரிது. அலுவலகப் படிகளிற் பன்முறை ஏறியிறங்கிச் சலித்திருந்த தந்தையுடன் அவர் தாமும் சென்று, பத்திரங்களை ஒழுங்குசெய்து கொடுத்தார், காரியம் கைகூடிற்று.

நால்வருள் ஒருவன் இடையிலே தொழில் நாடிக் கொழும்பு சென்றான். அவனை நிறுத்த எம்மால் இயலவில்லை; கடன்பட்ட குடும்பத்தின் மூத்த மகன் அவன். ஏனைய மூவரும் தொடர்ந்து கற்கின்றனர். என் மாணவன் சாதாரண தரத்திற் சித்தியெய்தி உயர்தர வகுப்பில் அமர்ந்துள்ளான்.

கட்டடம் எழுப்பப் பொருள் உதவும் பழைய மாணவர் நம்மிடைப் பலர். அவர் தொண்டு போற்றற்குரியது. கிழமைக்கு ஒரு மாலை தருவோரே இன்று தேவை. புலமை வேண்டா, பொறுமையும் தவறாத வரவும் போதும். அன்பர்காள்! விழா முடிந்து பந்தல் பிரிக்கப்படுமுன் உங்களுட் பதின்மர் முன்வருவீராயின், அதுவே கல்லூரி அன்னைக்கு நாம் சூட்டும் நன்மலராகும்.