வேண்டுதலைக் கேட்காத வேளார்

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் நமணசமுத்திரம் வரும். அங்குள்ள அய்யனார் கோயிலுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் மண்குதிரைகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. முன்னால் நிற்பவற்றில் வெள்ளைப்பூச்சும் காவியும் இன்னும் மங்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் காது போனவை, அதற்கும் பின்னால் தலை போனவை. சில இடங்களில் நான்கு கால்கள் மட்டும் தரையிலிருந்து எழும்பி நிற்க, நடுவில் ஒரு வேப்பங்கன்று வளர்ந்திருக்கிறது. உடைந்ததை யாரும் எடுத்துப் போடுவதில்லை, ஒட்டவைப்பதும் இல்லை. புதியது வந்தால் அதற்கு முன்னால் வைக்கிறார்கள்.

ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் வேண்டுதல். பிள்ளை பிறக்க, நோய் தீர, மாடு பிழைக்க, நிலத்தகராறு முடிய, சிங்கப்பூருக்குப் போனவன் நல்லபடியாகத் திரும்பிவர. ஆனால் எந்தக் குதிரை எதற்கு என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மாவட்டத்தின் ஆசைகளும் பயங்களும் வெட்டவெளியில், சாலைக்குப் பக்கத்தில் நிற்கின்றன. படிக்கத்தான் முடியாது.

குதிரைகளைப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். செய்கிறவர்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. ஸ்டீபன் இங்கிலிஸ் என்ற ஆய்வாளர் மதுரை வட்டாரத்தில் மண்வேலை செய்யும் வேளார்களோடு பழகி எழுதிய நூல் ஒன்று 1980-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. இன்றைக்கும் இந்தப் பேச்சு வந்தால் அந்த நூலைத்தான் சொல்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் அதன் பக்கத்தில் வைக்கத் தமிழில் அதிகம் இல்லை என்பது நமக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

நான் வேளார் தெருவுக்குப் போனது பங்குனி கடைசியில். வைகாசி, ஆனி மாதங்களில் மண்குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கிச் செல்லும் புரவி எடுப்பு ஊருக்கு ஊர் இருக்கும் என்பதால் அப்போதுதான் வேலை சூடு பிடித்திருந்தது. தெரு முனையில் ஒரு வெற்றிடம், குதிரைப் பொட்டல் என்கிறார்கள். அங்கே தலையில்லாத குதிரைகள் ஏழெட்டு, வயிறு வரைக்கும் எழும்பி, வாய் திறந்த பானைகளைப் போல நின்றன. பெரியவர் ஒருவர் ஈரச்சாக்கை எடுத்து ஒரு குதிரையின் விளிம்பில் சுற்றிக்கொண்டிருந்தார். ஊரில் எல்லாரும் அவரை வேளார் என்றே கூப்பிடுகிறார்கள். அருகில் ஒரு சிறிய கோயிலில் பூசையும் அவருடையதுதான். இந்தப் பக்கத்தில் பல அய்யனார் கோயில்களில் மண் பிசைகிற கைதான் விபூதியும் கொடுக்கிறது.

“உக்காருங்க தம்பி. நிழல்ல உக்காருங்க. இது இன்னிக்கு முடியாது, காலு ஏறுன பெறகுதான் வயிறு.”

கால் ஏறுவது என்றால் கால்கள் காய்ந்து உரம் பெறுவது. அதில்தான் இந்த வேலையின் சூட்சுமம் இருக்கிறது. மண்குதிரையைக் கீழிருந்து மேலே கட்டுகிறார்கள். முதலில் நான்கு கால்கள், உள்ளே குழலாக. சில ஊர்களில் கால்களைச் சக்கரத்தில் வனைந்து எடுப்பதுண்டு, இங்கே கைவேலை. மண்ணைக் கயிறு போல உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டிக்கொண்டே வருகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மண் இறுகுகிறது. கால்கள் பாதி காயவேண்டும். முழுக்கக் காய்ந்துவிட்டால் மேலே வைக்கும் ஈர மண் ஒட்டாது, காயாவிட்டால் வயிற்றின் கனத்தைத் தாங்காமல் உட்கார்ந்துவிடும். அதனால்தான் கால் வெயிலிலும் விளிம்பு ஈரச்சாக்கிலும் இருக்கிறது. பெரிய குதிரை ஒரே மூச்சில் வளராது. ஒரு சாண் ஏற்றி, காத்திருந்து, அடுத்த சாண். கழுத்தும் தலையும் தனியாக. அதற்குப் பிறகு மணிமாலை, சேணம், நெற்றிப்பட்டம் எல்லாம் மண்ணைத் திரித்து ஒட்டுவது.

மண்ணும் ஒரே மண் அல்ல. கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் சேர்கின்றன. வெறும் களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்கிறது. உமி சூளையில் எரிந்துபோய், அது இருந்த இடத்தில் பொடித் துளைகள் மிஞ்சுகின்றன, நீராவி அந்த வழியாக வெளியேறுகிறது. சேறு மிதித்துக்கொண்டிருந்தவர் வேளாரின் மனைவி. குதிகாலால் அழுத்தி, வட்டமாகச் சுற்றி, நடுவில் நின்று ஒரு சிறு கல்லைக் குனிந்து எடுத்து வீசினார். அது எப்படிக் காலுக்குத் தெரிந்தது என்று கேட்டேன்.

“காலுக்குத் தெரியாம வேற எதுக்குத் தெரியும்? கல்லு கெடந்தா சூளையில பட்டுனு போயிரும். அப்புறம் அவுக வேண்டுதல் என்னாகுறது?”

அவர் வாயில் வேண்டுதல் என்ற பேச்சு வந்ததால் கேட்டுவிட்டேன்: இந்தக் குதிரை யாருக்கு, என்ன வேண்டுதல்?

வேளார் நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. “அதெல்லாம் கேக்கக் கூடாது தம்பி. சொல்றவங்க தானாச் சொல்லுவாங்க. அதக்கூட நான் காதுல வாங்கிக்கிறதில்ல. எனக்கு உயரம் தெரியணும், தேதி தெரியணும். மத்தது அவுகளுக்கும் அய்யனாருக்கும்.”

இதைக் கேட்டபோது எனக்கு நியூ ஆர்லியன்ஸ் சுவர் ஞாபகத்துக்கு வந்தது. கேன்டி சாங் என்ற கலைஞர், 2011-இல், அந்த ஊரில் தன் வீட்டுக்கு அருகில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு வீட்டின் சுவரில் கரும்பலகைப் பூச்சு அடித்தார். சாவதற்கு முன் நான் செய்ய விரும்புவது என்று தொடங்கி, மீதியைக் கோடிட்ட இடமாக விட்ட ஒரே வாக்கியத்தை வரிவரியாக அச்சிட்டு, சாக்பீசை வைத்துவிட்டுப் போனார். தாயைப் போல இருந்த ஒருவரை இழந்த துக்கத்தில் பிறந்த யோசனை அது. மறுநாளே சுவர் நிறைந்துவிட்டது. 2005-இல் கத்ரினா புயல் அடித்து, ஆளில்லாத வீடுகள் நிறைந்திருந்த ஊர் அது. பிறகு அந்தச் சுவரைப் பார்த்து எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஆயிரக்கணக்கான சுவர்கள் எழுந்தன. அங்கே முன்பின் தெரியாதவரின் ஆசையைப் படிப்பதுதான் கலை. பக்கத்து வீட்டுக்காரரும் நம்மைப் போலத்தான் தவிக்கிறார் என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

யோகோ ஓனோவின் வழி வேறு. சிறுவயதில் ஜப்பானியக் கோயில்களில் வேண்டுதலைக் காகிதத்தில் எழுதி மரத்தில் கட்டிய நினைவிலிருந்து, 1996 முதல் வேண்டுதல் மரங்களை உலகின் பல ஊர்களில் வைத்துவருகிறார். வருகிறவர்கள் சீட்டில் எழுதிக் கிளையில் கட்டலாம். அந்தச் சீட்டுகளை அவர் படிப்பதில்லை. சேர்த்து ஐஸ்லாந்துக்கு அனுப்பிவிடுகிறார். ரெய்க்ஜாவிக் பக்கத்தில் விடேய் தீவில் அவர் 2007-இல் எழுப்பிய ஒளித்தூணுக்கு உரியவை அவை. படிக்காமல் வைத்துக்கொள்ளும் அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும். ஓனோ வேளாருக்குக் கொஞ்சம் சொந்தம் என்றே சொல்வேன்.

ஆனால் இரண்டிலும் இல்லாத ஓர் ஆள் இங்கே இருக்கிறார். சுவரில் எழுதுபவருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாக்பீஸ்தான். சில நொடி வேலை. இங்கே வேண்டிக்கொண்டவருக்கும் அய்யனாருக்கும் நடுவில் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் குனிந்து நிற்கிறது. யாரோ ஒருவரின் பிள்ளைக்காக இன்னொருவரின் முதுகு வலிக்கிறது. பொதுவெளிக் கலை என்று பேசும்போது நாம் கலைஞரையும் பங்கேற்பவரையும் பாராட்டிவிட்டு, கை அழுக்காகிறவரை விட்டுவிடுகிறோம் என்று எனக்கு ஒரு குறை உண்டு.

ஊர் சேர்ந்து எடுக்கும் புரவிக்கு முறை உண்டு. ஊர்ப்பெரியவர்கள் கூடி, ஒரு பிடி மண்ணை எடுத்து, வெற்றிலை பாக்கோடு வேளார் கையில் கொடுப்பார்கள். பிடிமண் கொடுப்பது என்று அதற்குப் பெயர். அன்றிலிருந்து வேளார் வீட்டில் விரதம். ஊர் சார்பில் வைக்கும் புரவிகள் தனி, வீடுகள் நேர்ந்துகொண்டவை தனி. சிவகங்கைச் சீமையில் அரண்மனைப் புரவி என்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் செய்கிறார்கள். குதிரையோடு காளை, தவழும் பிள்ளை, மதலை, கை, கால், கண் என்று உறுப்புகளும் உண்டு. அவற்றை மட்டும் பார்த்தால் வேண்டுதல் என்னவென்று ஊகிக்கலாம். குதிரையிடம் அந்த ஊகம் பலிக்காது.

எல்லாம் சூளையில்தான் தீர்மானமாகும். சுடாத பெரிய குதிரையை நகர்த்த முடியாது என்பதால் அது நிற்கிற இடத்திலேயே சூளை கட்டுகிறார்கள். வயிற்றுக்குள்ளும் வெளியிலும் வைக்கோல், வறட்டி, விறகு, அதற்கு மேல் சேற்றுப் பூச்சு. முதலில் இளந்தீ. அவசரப்பட்டு எரித்தால் மண்ணுக்குள் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகிக் குதிரையைப் பிளந்துவிடும். நாட்டுச் சூளையின் சூடு பெரும்பாலும் 700, 800 டிகிரி செல்சியசைத் தாண்டாது. அந்தச் சூட்டில் மண் சிவக்கும், கெட்டிப்படும், ஆனால் பீங்கான் போல இறுகாது. மழைத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். பல மழைக்காலம் குடித்த பிறகு காது விழும், பிறகு தலை. கோயில் பாதையில் நான் பார்த்த அந்த வரிசைக்குக் காரணம் இந்தச் சூடுதான். இன்னும் கொஞ்சம் எரித்தால் நீடிக்குமே என்று கேட்டதற்கு வேளார், “எதுக்கு நீடிக்கணும்? குடுத்தாச்சு, முடிஞ்சது” என்றார்.

புரவி எடுப்பு அன்று வேளார் குதிரைக்குக் கண் திறப்பார். அதுவரை அது பொம்மை, அதற்குப் பிறகு சாமி ஏறும் வாகனம். வேட்டி துண்டு கட்டி, மாலை போட்டு, கொட்டோடு தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது பெரும்பாலும் டிராக்டர். தோளில் தூக்கினால்தான் அழகு என்று எழுதுகிறவர்கள் நாலு பேரோடு நின்று ஒரு முறை தூக்கிப் பார்க்கலாம்.

மண்குதிரைக்குப் போட்டி சிமெண்ட் குதிரை. அது பளிச்சென்று இருக்கிறது, மழைக்கு அசையாது. அதன் பீடத்தில் பெயர் எழுதியிருக்கும்: உபயம், இன்னார், இன்ன ஊர், சிலவற்றில் கைபேசி எண்ணும். மண்குதிரைகளில் எங்கேயும் பெயர் பார்த்த ஞாபகம் இல்லை, வைத்தவர் பெயரும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. சிமெண்ட் வந்ததும் வேண்டுதலுக்கு முகவரி வந்துவிட்டது. எனக்கு இது உவப்பாக இல்லை. வேளாரின் இளைய மகன் என்னோடு உடன்படவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், சீசனுக்கு மட்டும் ஊருக்கு வருகிறார். “அவங்க பேரு போட்டுக்கிறாங்க சார், நாங்களும் போட்டிருந்தா நாலு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார். டெல்லி கைவினை அருங்காட்சியகத்திலும் முட்டுக்காடு தட்சிணசித்ராவிலும் அய்யனார் குதிரைகள் நிற்கின்றன என்று சொன்னேன். தெரியும், படத்தில் பார்த்திருக்கிறேன் என்றார். அங்கே நிற்பவற்றுக்கு வேண்டுதல் இல்லை, ஆனால் கூலி நன்றாக இருந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

மண் எடுப்பது பழைய தலைவலி. 2024 ஜூலையில் தமிழக அரசு, விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் நீர்நிலை மண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று நடைமுறையை எளிதாக்கியது. நல்ல காரியம். வேளார் சொல்லுவது வேறு: “அனுமதி கெடைக்குது. மண்ணுதான் கெடைக்கல.” கண்மாய்க்குள் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. மண்வெட்டி போட்டால் வேர்தான் வருகிறது. நல்ல களிமண் எந்தக் கண்மாயில், எத்தனை அடியில் இருக்கிறது என்பதை அவர் தகப்பனார் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மூலைகளில் பாதி இப்போது தூர்ந்துவிட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு தம்பதி பைக்கில் வந்து இறங்கினார்கள். பக்கத்து ஊர். அந்த அம்மா வந்ததும் வராததுமாக, தன் மகனுக்கு என்னவெல்லாம் ஆயிற்று என்று தொடங்கினார். வேளார் கையைத் துடைத்துக்கொண்டே, “அத அய்யனாருகிட்ட சொல்லுத்தா. எங்கிட்ட உயரத்தச் சொல்லு” என்றார்.

அந்த அம்மா கணவரைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க நாத்தனா போன வருசம் வச்சுச்சுல்ல, அதவிட ஒரு சாண் கூட இருக்கட்டும்” என்றார்.

வேளார் சிரிக்கவில்லை. போன வருசக் குதிரையை மனதுக்குள் அளந்து பார்த்ததுபோல ஒரு கணம் நின்றார். “கழுத்துல ஒரு சாண் ஏத்திரலாம். சூளைக்கு வெறகு கூடச் செலவாகும். டிராக்டர் வாடகை உங்களோடது.”

“டிராக்டர் எங்க மச்சான்ட்ட இருக்கு” என்றார் கணவர்.

“அப்ப அவரையே ஓட்டச் சொல்லு. போன தடவ வந்த பய பள்ளத்துல விட்டு வாலு போச்சு.”